தையல் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை

பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு எந்த மாத்திரை, என்ன பத்தியம் என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. தினசரி நடை இதயத்துக்கு மட்டுமல்ல, மனத்துக்கும் மருந்து என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஓசூர் சாலையில் நடந்த ஒரு ஆய்வும் உலக அனுபவமும் சொல்வது என்ன?

கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் நடுவே எல்லைக்காவலன்போல நிற்கும் ஊர் அத்திபெலே. பெங்களூர் நகர மாவட்டம், ஆனேக்கல் தாலுகா. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் இடம். ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரவு பகல் என்ற வித்தியாசம் கிடையாது. தெற்கே சில கிலோமீட்டர் போனால் ஓசூர். வடக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் பொம்மசந்திரா. டாக்டர் தேவி ஷெட்டியின் நாராயண ஹ்ருதயாலயா இருப்பது அங்கேதான். 2001ல் செயல்படத் தொடங்கியதிலிருந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு இதய ஆபரேஷன் என்றால் இந்தச் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

போகும்போது எல்லோர் கவனமும் ஆபரேஷன்மீது இருக்கிறது. பணம், ரத்தம், தேதி, சாமி வேண்டுதல் என்று குடும்பமே ஓடுகிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே அத்திபெலேயைத் தாண்டி எதிர்த்திசையில் வண்டி திரும்பும்போது கையில் ஒரு ஃபைலும், பை நிறைய மாத்திரையும், நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட்டும் இருக்கின்றன. ஆபரேஷன் வெற்றி. டாக்டர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். நோயாளியின் வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. அதை யாரும் அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருப்பதில்லை.

அழுகை எங்கிருந்து வருகிறது?

இதயத்துக்கு மாற்றுப் பாதை போடும் பைபாஸ் ஆபரேஷனை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த டாக்டர் ரெனே ஃபவலோரோ. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 1967ல் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைக் கொண்டு அவர் அதைச் செய்தார். எட்டே ஆண்டுகளில் அது சென்னைக்கு வந்துவிட்டது. 1975ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான் இந்தியாவின் முதல் பைபாஸ். அன்று அது பத்திரிகைச் செய்தி. இன்று அது மாவட்டத் தலைநகரங்களில்கூட நடக்கும் அன்றாட வேலை. கர்நாடகத்தில் 2003ல் கூட்டுறவு விவசாயிகளுக்காக வந்த யஷஸ்வினி திட்டமும், தமிழகத்தில் 2009ல் வந்த அரசுக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளுக்கும் இந்த ஆபரேஷனை எட்டச் செய்தன.

ஆனால் வீடு திரும்பியவரின் மனநிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பொதுவாக நடப்பது இதுதான். முதல் வாரம் உறவினர் கூட்டம். இரண்டாவது வாரம் வீடு அமைதியாகிறது. நோயாளிக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. மல்லாந்தே படுக்க வேண்டியிருப்பதால் முதுகு வலிக்கிறது. நெஞ்சில் சுருக்கென்று ஏதாவது செய்தால், 'மறுபடியும் அடைத்துக்கொண்டதோ' என்ற பயம். டிவியில் ஏதோ ஒரு சாதாரணக் காட்சி, கண்ணில் நீர் வந்துவிடுகிறது. நாற்பது வருடம் குடும்பத்தை நடத்திய மனிதர், தண்ணீர் செம்பைக்கூடத் தூக்கவிடாமல் தடுக்கப்படுகிறார். 'இனி நான் எதற்கு?' என்ற கேள்வி மெல்லத் தலைதூக்குகிறது.

இதில் ஒரு பகுதி இயல்பானது. பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கு அணையாத இரவுகள், வலி, ரத்தசோகை எல்லாம் சேர்ந்து எவரையும் சோர வைக்கும். சில வாரங்களில் பலருக்கு இது தானாகவே விலகிவிடும். விலகாதவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 2001ல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு பைபாஸ் செய்துகொண்ட 309 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது. ஓராண்டுக்குள் மீண்டும் இதயப் பிரச்சினைக்கு ஆளானவர்கள், மனச்சோர்வு இருந்தவர்களில் 27 சதவீதம். இல்லாதவர்களில் 10 சதவீதம்.

அதாவது மனம் சோர்ந்தால் அது மனத்தோடு நிற்பதில்லை. மனச்சோர்வு உள்ளவர் மாத்திரையை மறக்கிறார், நடப்பதில்லை, சிலர் மீண்டும் பீடி, சிகரெட்டைத் தொடுகிறார்கள். அது தவிர உடலுக்குள்ளும் மாற்றங்கள் நேர்கின்றன. பதற்றத்தைத் தூண்டும் நரம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன. ரத்தக்குழாய்களில் அழற்சி கூடுகிறது. 2008ல் அமெரிக்க இதயக் கழகம் எல்லா இதய நோயாளிகளையும் மனச்சோர்வுக்காகச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. மாரடைப்புக்குப் பிறகு வரும் மனச்சோர்வை, நோயின் போக்கையே மோசமாக்கும் ஒரு ஆபத்துக் காரணியாக 2014ல் அறிவித்தது.

படுக்கை என்ற பழைய மருந்து

நம் வீடுகளில் இதய நோயாளிக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'அசையாமல் படுத்திருங்கள்' என்பது. இது பாட்டி வைத்தியம் அல்ல. ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவர்களை ஆறு வாரம்வரை படுக்கையில் போட்டு வைத்தார்கள். புரண்டு படுக்கக்கூட நர்ஸின் உதவி. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள் உண்டு. மனம் உடைந்து போனவர்களும் உண்டு.

பாஸ்டன் நகரில் டாக்டர் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லவுனும் இந்த வழக்கத்தை எதிர்த்தார்கள். நோயாளிகளை எழுப்பி, கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த புரட்சி. மற்ற டாக்டர்கள் இதைக் கொலைகாரத்தனம் என்றே நினைத்தார்கள். 1952ல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டபோது, உட்கார்ந்தவர்களுக்குக் கெடுதல் நேரவில்லை என்பதோடு அவர்கள் உற்சாகமாகவும் இருந்தார்கள் என்பது தெரிந்தது.

அதே காலத்தில் லண்டனில் டாக்டர் ஜெர்ரி மாரிஸ், இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்பவர்களைக் கவனித்தார். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. 1953ல் வெளியான இந்த ஆய்வுதான் உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் ஆதாரத்தோடு காட்டியது.

1966ல் டல்லாஸ் நகரில் நடந்தது இன்னும் வியப்பானது. ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. இருபது வயதுக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், அறுபது வயதில் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவரை இரண்டு மாதம் கட்டிலில் கிடத்தினால் என்ன மிஞ்சும்?

மூச்சு வாங்கும் மருந்து

'ஏரோபிக்' என்றவுடன் வண்ண உடையில் பாட்டுக்கு ஆடும் பெண்கள் நினைவுக்கு வரலாம். உண்மையில் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க விமானப் படையின் டாக்டர் கென்னத் கூப்பர். 1968ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே அதுதான். பொருள் எளியது. உடலின் பெரிய தசைகள் ஒரே சீராக, சில நிமிடங்களுக்குத் தொடர்ந்து, ஆக்சிஜனைப் பயன்படுத்தி வேலை செய்தால் அது ஏரோபிக் பயிற்சி. நடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் இந்த வகை. மூச்சைப் பிடித்து பளு தூக்குவது இந்த வகை அல்ல. பைபாஸ் செய்துகொண்டவருக்கு இவற்றில் மிகவும் ஏற்றது, செலவில்லாதது, நடை.

இதயத்துக்கு இதனால் என்ன பயன் என்பதில் இன்று சந்தேகமில்லை. 85 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஒருங்கே பார்த்த 2021ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட மறுவாழ்வுச் சிகிச்சை இதய நோயால் நேரும் மரணத்தையும், மீண்டும் மாரடைப்பு வருவதையும், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையையும் குறைப்பதாகச் சொன்னது.

மனத்துக்கு? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தாலும் அவருடைய குழுவும் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் செலவிட்டிருக்கிறார்கள். 1999ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், தீவிர மனச்சோர்வு கொண்ட 156 நடுவயதினரும் முதியவர்களும் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஏரோபிக் பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாத்திரை கொஞ்சம் விரைவாக வேலை செய்தது. ஆனால் பதினாறு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. 2012ல் அதே குழு, இதய நோயும் மனச்சோர்வும் சேர்ந்து கொண்ட 101 பேரைப் பரிசோதித்தது. பயிற்சி, செர்ட்ராலின் இரண்டுமே வெற்று மாத்திரையைவிட நன்றாக மனச்சோர்வைக் குறைத்தன.

காரணங்கள் பல. நடப்பவருக்குத் தூக்கம் வருகிறது. தூங்கியவருக்கு மறுநாள் எரிச்சல் குறைகிறது. தொடர்ந்த பயிற்சி, இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பின் பிடியை வலுவாக்குகிறது. காரணமற்ற படபடப்பு குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாடம் கிடைக்கிறது. படி ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, பிறகு தானே அடங்குகிறது. முப்பது நாள் இதைப் பார்த்தவருக்கு, 'வேகமாக அடித்தால் ஆபத்து' என்ற பயம் தானாகக் கழன்றுவிடுகிறது. எந்த ஆறுதல் வார்த்தையும் இதைச் செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருந்தால், நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று அதை நிறுத்தக்கூடாது. நடை மாத்திரைக்குத் துணை. மாற்று என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

ஓசூர் சாலையில் ஒரு ஆய்வு

இந்த விஷயத்தில் நம் நாட்டின் முக்கியமான ஆய்வு ஒன்று அத்திபெலேக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆனேக்கல் தாலுகாவின் ஜிகணி அருகே, எஸ்-வியாசா எனப்படும் விவேகானந்த யோகா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அதன் டாக்டர் நாகரத்னாவும் எச்.ஆர். நாகேந்திராவும் நாராயண ஹ்ருதயாலயாவின் டாக்டர்களோடு சேர்ந்து, பைபாஸ் செய்துகொண்ட ஆண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பிசியோதெரபியும் வாழ்க்கைமுறை ஆலோசனையும். மற்றதற்கு யோகாவை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி. ஓராண்டு முடிவுகள் 2014ல் 'இந்தியன் ஹார்ட் ஜர்னல்' இதழில் வந்தன. யோகா பிரிவில் மன அழுத்தம், பதற்றம், சோர்வு ஆகியவை கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆபரேஷனுக்கு முன்பு இதயத்தின் இயக்கம் பலவீனமாக இருந்தவர்களுக்கு அதிலும் முன்னேற்றம் தெரிந்தது.

இதைவிடப் பெரிய சோதனை பிறகு நடந்தது. டாக்டர் தொரைராஜ் பிரபாகரன் தலைமையில், நாடெங்கும் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பிலிருந்து தேறிவந்த 3,959 பேர் 'யோகா-கேர்' ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். 2020ல் வெளியான முடிவு நேர்மையானது. மரணம், மறு மாரடைப்பு போன்றவை யோகா பிரிவில் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் 'என் உடல்நிலை பரவாயில்லை' என்ற உணர்வும், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் யோகா பிரிவில் மேலாக இருந்தன.

மெதுவான ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் நாடித் துடிப்பை அதிகம் ஏற்றுவதில்லை. எனவே அவை நடையின் இடத்தை முழுவதும் பிடித்துவிடாது. நடையையும் விடாமல் யோகாவையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். நெஞ்செலும்பு கூடும்வரை கைகளில் உடல் எடையைத் தாங்கும் ஆசனம், தலைகீழ் ஆசனம், வேகமாக மூச்சை உதறும் கபாலபாதி ஆகியவை வேண்டாம்.

மனைவி ஏறிய டிரெட்மில்

நோயாளி நடக்கத் தயாராக இருந்தாலும் வீடு விடுவதில்லை. 'நீங்க எழுந்திருக்காதீங்க, நான் கொண்டு வர்றேன்' என்று மனைவி. 'வெளியெல்லாம் போக வேண்டாம்ப்பா, ஏதாவது ஆச்சுன்னா?' என்று மகன். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை இதைக் கேட்பவருக்குக் கிடைக்கும் செய்தி வேறு: 'உங்களால் முடியாது.'

இதற்கு அருமையான ஒரு பரிசோதனை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மாரடைப்பு வந்து மூன்று வாரமே ஆன ஆண்களை டிரெட்மில் என்ற ஓடும் பட்டையில் நடக்க வைத்தார்கள். சிலருடைய மனைவிகள் வெளியே இருந்தார்கள். சிலருடைய மனைவிகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மூன்றாவது பிரிவில், கணவர் எட்டிய அதே வேகத்தில் மனைவியும் மூன்று நிமிடம் பட்டையில் ஏறி நடந்தார். 'என் கணவரின் இதயம் இவ்வளவு தாங்கும்' என்ற நம்பிக்கை, பார்த்தவர்களுக்குக்கூட அவ்வளவாக வரவில்லை. தானே நடந்து மூச்சு வாங்கிய மனைவிகளுக்குத்தான் வந்தது. 'எனக்கே இவ்வளவு சிரமம், இவர் இதைச் செய்திருக்கிறாரே' என்பதுதான் காரணம். 1985ல் வெளியான இந்த ஆய்வில் பங்குபெற்றவர்களில் புகழ்பெற்ற உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூராவும் ஒருவர்.

இதை நம் ஊரில் செய்ய டிரெட்மில் வேண்டாம். நோயாளியோடு வீட்டில் ஒருவர் தினமும் கூட நடந்தால் போதும். காவலுக்கு அல்ல, சேர்ந்து நடக்க.

அடுத்து, பெண்கள். பொம்மசந்திரா ஆய்வில் இருந்த அனைவரும் ஆண்கள் என்பது கவனிக்க வேண்டியது. உலகமெங்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பப்படும் பெண்களும், அதை முடிக்கும் பெண்களும் ஆண்களைவிடக் குறைவு. நம் வீடுகளில் ஆணுக்கு அளவு கடந்த ஓய்வு என்றால், பெண்ணுக்கு நேர் எதிர். தையல் ஆறுவதற்குள் அடுப்படி அவரை அழைத்துவிடுகிறது. 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்று சமாதானம் வேறு. ஆனால் குடத்தைத் தூக்குவதும், துணி பிழிவதும், மாவு நிறைந்த பாத்திரத்தை இறக்குவதும் ஆறாத நெஞ்செலும்பை இழுக்கும் வேலைகள். அவை ஏரோபிக் அல்ல. அவருக்கு வேண்டியது யாரும் குறுக்கிடாத அரை மணி நேர நடை. அந்த அரை மணியில் இன்னொருவர் சமையலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்கு

நடை ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளில் பிசியோதெரபிஸ்ட் கட்டிலிலிருந்து இறக்கி, வராந்தாவில் நடத்துவார். மூன்று பந்துள்ள கருவியில் மூச்சை இழுக்கச் சொல்வார். வீட்டில் இதன் தொடர்ச்சி பொதுவாக இப்படிப் போகும். உங்கள் டாக்டர் சொன்ன அளவு வேறாக இருந்தால் அதுவே உங்களுக்குச் சட்டம்.

முதல் வாரம், வீட்டுக்குள்ளோ வாசலிலோ ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. சமதரையில். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போகலாம். வேகத்தைப் பிறகு கூட்டலாம், முதலில் நேரம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒரே மூச்சில் முப்பது நிமிடம் நடக்கும் நிலையைப் பலர் எட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு குறி, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம். தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றலாம்.

எவ்வளவு வேகம்? நாடியை எண்ணுவது நல்ல வழிதான், ஆனால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏமாற்றும். எளிய அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச்சுத் திணறினால் அதிகம். ஆஸ்பத்திரிகளில் பயன்படும் போர்க் அளவுகோல் ஆறிலிருந்து இருபதுவரை போகும். அதில் 11 முதல் 13 வரை, அதாவது 'லேசாக' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் நடுவே இருப்பது பாதுகாப்பானது.

நெஞ்செலும்பைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை எடை தூக்குவது, கதவை இழுத்துத் தள்ளுவது, கையை ஊன்றித் தரையிலிருந்து எழுவது, இருசக்கர வண்டி ஓட்டுவது வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமலாம். காலிலிருந்து குழாய் எடுத்திருந்தால் மாலையில் கால் வீங்கும். உட்காரும்போது உயர்த்தி வைக்க வேண்டும். சாப்பிட்ட உடனே நடக்கக்கூடாது, ஒரு மணி நேரமாவது போக வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு யோசனை, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நடந்த நிமிடம், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க். முன்னேற்றம் தினமும் கண்ணில் படாது. இரண்டு மாதம் கழித்து முதல் பக்கத்தைப் புரட்டினால் தெரியும். நடுவில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். ஒரு கெட்ட நாளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

எங்கே நடப்பது?

இது லேசான கேள்வி அல்ல. அத்திபெலே போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் நடைபாதை என்பது கடைச் சாமான்களுக்கும் நிறுத்திய வண்டிகளுக்கும் சொந்தம். சாலையைக் கடப்பதே சாகசம். லாரிப் புகை வேறு. இதய நோயாளிக்குப் புகை நிறைந்த சாலையோரம் ஏற்ற இடமல்ல. விடியற்காலையில் பள்ளி மைதானம், ஏரிக்கரை, கோயில் பிராகாரம், குடியிருப்பின் உள் தெருக்கள், எதுவும் இல்லாவிட்டால் மொட்டை மாடி. மழை நாளில் வீட்டின் நீளமே போதும். மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மொட்டை மாடி.

பயிற்சி நிலையங்கள் நகரங்களில்தான் இருக்கின்றன. இந்தக் குறை நமக்கு மட்டுமல்ல. 2019ல் வெளியான ஒரு உலகக் கணக்கெடுப்பில், 203 நாடுகளில் 111ல் மட்டுமே இதய மறுவாழ்வுச் சிகிச்சை கிடைத்தது. பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ ரயில் வருகிறது. பெங்களூருக்குள் இருப்பவர்களுக்கு அது வசதி. கிருஷ்ணகிரிக் கிராமத்தில் இருப்பவர் வாரம் மூன்று நாள் பஸ் ஏறி பிசியோதெரபிக்கு வர முடியுமா?

வீட்டைத் தேடி உதவி வருவதுதான் வழி. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்ட இடம், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் அடக்கம். 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை குறிக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் வந்தது. பைபாஸ் நோயாளிகளின் நடைப்பயிற்சியை இந்த ஏற்பாடுகளோடு இணைப்பதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

மனத்துக்குத் தொலைபேசியே போதுமான நேரங்கள் உண்டு. 2009ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பைபாஸுக்குப் பிறகு மனச்சோர்வுக்கு ஆளான 302 பேரில் ஒரு பிரிவினருக்கு நர்ஸ்கள் எட்டு மாதம் போனில் பேசி வழிகாட்டினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. தமிழிலும் பேசலாம். இதன் தலைமை மையம் பெங்களூர் நிம்ஹான்ஸ்.

இரண்டு கேள்விகள்

மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனை வேண்டாம். டாக்டர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா? மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் ஆமாம் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'இவ்வளவு செலவு செய்து காப்பாற்றியிருக்கிறார்கள், இதில் அழுகை வேறா' என்று கூச்சப்பட்டு மறைப்பவர்கள் ஏராளம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது.

அதேபோல் நடையை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகளும் உண்டு. நெஞ்சில் அழுத்தம் அல்லது கை, தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல், மயக்கம், தாறுமாறான துடிப்பு. உட்கார்ந்த பிறகும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 108. நெஞ்சுத் தையலில் சீழ், காய்ச்சல், நெஞ்செலும்பு 'கடக்' என்று நகரும் உணர்வு, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், இரண்டே நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 'நடை: இத்தனை நிமிடம், நாளைக்கு இத்தனை தடவை' என்று அதே கையெழுத்தில், நோயாளியின் மொழியில், ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்? ஆறாவது வாரம் பரிசோதனைக்கு வரும்போது இ.சி.ஜி. எடுப்பதற்கு முன் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க எவ்வளவு நேரமாகும்? டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. மருந்தென்று தெரிந்தால் மனைவியும் மகனும் தடுக்க மாட்டார்கள். செருப்பை எடுத்துக் கொடுப்பார்கள்.